‘கதவு’ பாட்டின் வரிகள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிட்டார்கள். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதிலும் பாதிதான். அதனால் கத்திப் பேசுவார். பெயர் அப்படித்தான் வந்திருக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய பெயர். அப்போது அவர் ‘சகதி’ என்ற இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார்.

குழுவில் மூன்றே பேர். அவர்கள் வாசித்தது ஸ்லட்ஜ் மெட்டல். மெட்டல் இசையிலேயே மெதுவானது, கனமானது. கிட்டார் தந்திகளைத் தளர்த்திவிட்டு, முழங்கால் புதையும் சேற்றில் நடப்பதுபோல வாசிப்பார்கள். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவனை ஒல்லி என்று கூப்பிடுவார்கள். பாடியவன் என்பது பேச்சுக்குத்தான். தொண்டை கிழிய அலறுவான். டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சுவரில் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டி, ஒரு சின்ன டேப் ரெக்கார்டரில் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். இரண்டு கேசட் போட்டார்கள். அறுபது பிரதி இருக்கும். பாதியை ஓசியில் கொடுத்தார்கள்.

இருபத்து நான்காவது வயதில், அதே அறையில், ஒல்லி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். காலையில் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தவர் இடிதான். அந்த வாரமே டிரம்ஸை விற்றார். சலவைப் பிரிவில் சேர்ந்தார். கல்யாணம் ஆனது. ஒல்லியைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு வருஷம் முன்னால் குழுவின் பழைய பேஸ் கிட்டார்காரன் கூப்பிட்டான். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் மேனேஜராக இருக்கிறான். அந்த அறுபது கேசட்டும் நகலுக்கு நகலாகப் போய், பெயர் தெரியாத ஊர்களில் எல்லாம் கேட்கிறார்களாம். தூரத்து நகரத்தில் ஒரு சின்ன கம்பெனி அந்த ஆரம்பகாலப் பதிவுகளை ஒன்று சேர்த்து, சத்தத்தைச் சுத்தம் செய்து, இரட்டை இசைத்தட்டாக மறுபடி வெளியிடப்போகிறது. கூடவே ஒரு புத்தகம், அதில் பாட்டு வரிகள். வரிகளை ஒல்லி எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த அலறலில் ஓர் எழுத்துகூட யாருக்கும் பிடிபடவில்லை.

இடிக்கு எல்லாம் மனப்பாடம். அவ்வளவு மெதுவான இசையில் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தால் தவறிவிடும். அதனால் ஒல்லியின் வாயைப் பார்த்து, இந்த வார்த்தை வந்தால் இந்த அடி என்று பழகி வைத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளைகளில், துணி வரவுச் சீட்டுகளின் பின்பக்கத்தில், ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். ‘கதவு’ என்ற பன்னிரண்டு நிமிஷப் பாட்டை மட்டும் விட்டுவிட்டார். ‘வரிகள் தெளிவாக இல்லை’ என்று குறித்தார்.

வாரிசு என்ற முறையில் ஒல்லியின் அம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. புருஷன் தலைமை ஆசிரியராக இருந்தவர்; ஊரே எழுந்து நின்று வணக்கம் வைத்த மனிதர். அவர் போய் ஆறு வருஷம். அந்த அம்மா கொழுந்தனார் வீட்டு மாடியில் தனியாக இருந்தார். மேனேஜர் முன்கூட்டியே சிடி ஒன்றை அனுப்பியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இடி காகிதங்களோடு போனார்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தார்.

“இந்தப் பாட்டுக்கு ஒண்ணும் எழுதலயே தம்பி?”

“சரியா கேக்கலம்மா.”

“பதினோரு தடவ அம்மான்னு கூப்பிடுறான். நான் எண்ணிப் பாத்தேன்.”

“அது அம்மா இல்லம்மா. சும்மா, சும்மான்னு கத்துவான்.”

“நான் பெத்த பிள்ள என்னக் கூப்பிடுறது எனக்குத் தெரியாதா?”

அந்த அம்மா எழுந்துபோய் ஒரு பேனாவையும் பழைய கரண்ட் பில்லையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். வேறு வழியில்லாமல் அவர் எழுதினார். பூட்டிய அறை. பெல்ட்டைக் கழற்றும் சத்தம். கதவுக்கு அடியில் தெரியும் இரண்டு பாதங்கள். பாதங்கள் நகரவில்லை. அப்புறம் பதினோரு அம்மா.

அந்த அம்மா வெகுநேரம் படித்தார்.

“அந்தக் கால் என்னுதுதான்” என்றார்.

ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே நின்றதாகச் சொன்னார். திறந்தால் பிள்ளைக்கு இரண்டு மடங்கு அடி விழும் என்று நின்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, அது பாதிதான் உண்மை, தனக்கும் அடி விழும் என்ற பயம்தான் மீதி என்றார். அழவில்லை. காகிதத்தை நாலாக மடித்தார்.

“இதெல்லாம் உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“நீ என்ன பண்ணுன?”

இடி யோசித்துப் பார்த்தார். அந்தப் பாட்டை இருநூறு தடவையாவது ஒத்திகை பார்த்திருப்பார்கள். முடிந்ததும், இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் நன்றாக இருக்கும் என்று ஒல்லியிடம் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. வேறெதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

“டிரம்ஸ் வாசிச்சேன்மா.”

அந்த அம்மா அவரைத் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வரிகளை முழுசாகப் போடச் சொன்னார். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று இவர் இழுத்தார். தெரியட்டும் என்றார்.

இசைத்தட்டு வெளிவந்து ஒரே மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. இடியின் மனைவி அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். பத்தொன்பது வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

கொழுந்தனார் காதுக்கு விஷயம் போனது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, தெய்வம் மாதிரி இருந்த மனுஷனைச் சந்தியில் நிறுத்திவிட்டாயே என்று கத்தினார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஓர் ஒற்றை அறை கிடைத்தது. இடியும் மனைவியும்தான் கட்டிலையும் பெட்டிகளையும் கொண்டுபோய் இறக்கினார்கள். மனைவி அடுப்பைப் பொருத்திக் கொடுத்தாள். வாரம் ஒருமுறை ஷிஃப்ட் முடிந்து அவர் எட்டிப் பார்ப்பார். மாத்திரை, தண்ணீர்க் கேன், பல்பு என்று பேச்சு இருக்கும். ஒல்லியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பதினோரு மாதம் அப்படி ஓடியது. மழைக்காலத்தில் அந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அதே ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் இறந்துபோனார். அந்த வார்டின் போர்வைகள் மறுநாள் சலவைக்கு வந்தன. இடி அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் மறுபடி கூப்பிட்டான். இன்னும் ஆயிரம் பிரதி போடக் கேட்கிறார்கள், ஆனால் இப்போது வாரிசு கொழுந்தனார், அந்த ஒரு பக்கத்தை நீக்கினால் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார், குழுவில் மிச்சமிருக்கும் நம் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றான்.

“பக்கத்த மட்டும்தான்டா எடுக்கப்போறோம். பாட்டு அப்படியேதான இருக்கும்? கேக்கிறவனுக்கு எப்படியும் ஒண்ணும் புரியாது.”

“அதான் வேணாங்கிறேன்” என்றார் இடி. “நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மேனேஜர் கெஞ்சினான், கோபப்பட்டான், ஒல்லி பெயர் அழிந்துபோக நீதான் காரணம் என்றான். அதன்பிறகு அவன் கூப்பிடவே இல்லை. ஆயிரம் பிரதி வரவில்லை. இடி போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அறுவை சிகிச்சை அறையிலிருந்து வந்த துணி மூன்று வண்டி நின்றிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு முதல் வண்டியை இழுத்தார்.