குப்பியை ஆட்டிப் பார்த்தவள்

அந்தச் சுகாதார நிலையத்தில் எல்லோரும் அவளை 'ஐஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பின்பக்கம், ஜன்னலை அடைத்துவிட்ட ஒரு சின்ன அறையில் இருந்த தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷம் அதைத் திறந்து மூடியதில் அவள் கை எந்நேரமும் சில்லென்றே இருந்தது. பஸ் ஓட்டும் அவள் கணவர், "இவ கையால தண்ணி வாங்கிக் குடிங்க, வீட்டுக்கு ஃப்ரிட்ஜே வேணாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். உள்ளே குளிர் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் நிற்க வேண்டும். மருந்தில் சூடு பட்டால், குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கட்டம் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உறைந்துபோனாலும் மருந்து கெட்டுவிடும், ஆனால் அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. உருகியதும் பழையபடி பால்போல ஆகிவிடும். யார் பார்த்தாலும் நல்ல மருந்து என்றுதான் சொல்வார்கள்.

அதற்கு ஒரே வழி ஆட்டிப் பார்ப்பது. ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக்கி, சந்தேகப்படும் குப்பியோடு சேர்த்து ஒரே கையில் பிடித்து ஆட்ட வேண்டும். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். நல்ல மருந்து கலங்கலாகவே நிற்கும். உறைந்த மருந்தில் துகள் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். இதை அந்த நிலையத்தில் அவளைவிடப் பொறுமையாகச் செய்தவர்கள் கிடையாது.

பொறுமைக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் தம்பி தொண்டை அடைப்பான் வந்து இறந்துபோனான். அவன் வாயைத் திறந்து காட்டியபோது உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. மூச்சு விடும்போது பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

அதனால் அந்தச் சட்டம் வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். ஊசி போடாத வீடுகளின் பட்டியலோடு நர்ஸ் கிளம்பியபோது, அவளும் கூடவே போனாள்.

பட்டியலில் அடுத்த தெரு வெல்டர் வீடும் இருந்தது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது. 'வாயாடி' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இளையவன் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தான்.

"நல்ல பொருளா இருந்தா எதுக்குக்கா கட்டாயப்படுத்தணும்? நான் செய்யிற இரும்புக் கதவை வாங்குன்னு சட்டம் போட்டா விக்கிறேன்?" என்றான் வெல்டர்.

"உன் கதவு சரியில்லன்னா திருடன் உன் வீட்டுக்குத்தான் தம்பி வருவான். இந்த நோய் தெருவுக்கே வரும்."

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் காவல் இருக்கிற மருந்து அது. நான் பொறுப்பு, போதுமா?"

வாயாடி நடுவில் புகுந்தாள். "அத்தை, ஊசி மருந்து உள்ள போய் எங்க உக்காரும்?"

"உன் வாயில உக்காந்து கொஞ்ச நேரம் அதை மூடும்."

வெல்டர் சிரித்துவிட்டான். "சரிக்கா. சட்டத்துக்காக இல்ல. நீங்க சொன்னதுக்காக வர்றேன்."

அந்த வருஷம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து திட்ட அதிகாரி வந்தார். சின்ன வயது, நிறையப் படித்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சென்சார் பொருத்தினார். வயர் எட்டிய இடம் மேல்தட்டுதான், அங்கேயே தொங்கவிட்டார். குளிர் எவ்வளவு என்று இனி அவர் போனிலேயே தெரியுமாம். அவள் காலையும் மாலையும் டிகிரி எழுதிவந்த நோட்டு வேண்டாம் என்றார். "கை எழுதினா தப்பு வரும்மா. மெஷினுக்குத் தூக்கம் வராது." நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தெருவில் நிற்க இடமில்லாமல் ஓடிவிடும் என்று அவர் வரைந்து காட்டியது அவளுக்குப் புரிந்தது, பிடிக்கவும் செய்தது.

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது கீழ்க்கூடையின் ஓரத்தில் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. கம்பியில் விரல் ஒட்டிக்கொண்டது. அவள் குப்பிகளை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அடுத்த குப்பி, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. திங்கட்கிழமை நடக்கவிருந்த ஊசி முகாமுக்கு வந்த சரக்கு முழுக்க அந்தக் கூடையில்தான் இருந்தது.

முகாம் ஏற்பாட்டைப் பார்க்க அதிகாரி மத்தியானம் வந்தார்.

"சார், இது உறைஞ்சிருக்கு. போடக் கூடாது."

அவர் போனை நீட்டினார். "கிராஃப் பாருங்கம்மா. ஒரு மாசமா மூணு டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்ல."

"சென்சார் மேல தொங்குது. ஐஸ் கீழ கட்டியிருக்கு. ஆட்டிப் பாத்தேன் சார்."

"ஆட்டிப் பாத்ததை நான் எங்க பதியிறது? அதுக்குக் கட்டமே இல்லையே."

"அப்ப ஒரு கட்டம் போடுங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க பழைய நோட்டெல்லாம் பாத்தேன்மா. எல்லா ஞாயித்துக்கிழமையும் நாலு டிகிரி. வருஷம் பூரா நாலு. ஞாயித்துக்கிழமை நீங்க வர்றதே இல்லையாமே?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைத் திங்கட்கிழமை நிரப்புவது அவள் வழக்கம். எல்லா நிலையத்திலும் அதுதான் வழக்கம்.

"குத்திக் காட்டலம்மா. வேற சரக்கு வர மூணு வாரம் ஆகும். பட்டியல்ல பள்ளிக்கூட வயசுப் பிள்ளைங்க மட்டும் நானூத்திப் பன்னெண்டு. மருந்து கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, சட்டம் போட்டாலும் சரி, சங்கிலி போட்டு இழுத்தாலும் சரி, ஒருத்தரும் வர மாட்டாங்க. இந்த நானூறு பெருசா, பின்னாடி வரப்போற லட்சம் பெருசா? நீங்களே சொல்லுங்க."

அந்தக் கேள்வியில் ஏதோ தப்பு இருப்பது அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தம்பியின் முகம் ஞாபகம் வந்தது. ஊசிக்கு ஆளே வராத ஒரு தெரு கண்முன் வந்தது. வீட்டில் சொன்னபோது கணவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "பெரியவங்க சொல்லிட்டாங்க. நீ ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கிற?" என்றார்.

திங்கட்கிழமை அவள்தான் குப்பிகளை எடுத்து நர்ஸிடம் கொடுத்தாள். வெல்டர் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்தான். சின்னவனுக்குச் சளி, அவனுக்கு இன்னொரு நாள் என்றான். வாயாடி கையை நீட்டி, "அத்தை, உக்காந்துச்சா?" என்று கேட்டாள். ஐஸ் அக்கா தலையை ஆட்டினாள். அடுத்த மாதம் இரண்டாவது தவணை. வேறு சரக்கு யாரும் கேட்டு வாங்கவில்லை; அதே கூடை, அதே மருந்து. அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதிகாரியின் திரையில் பிள்ளைக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு பச்சைப் புள்ளி விழுந்தது. அதிகாரி எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். அது ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டப்பட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் வெல்டர் சுகாதார நிலையத்துக்குள் ஓடிவந்தான். டாக்டர் அறையைத் தாண்டி நேராகப் பின்கட்டுக்கு வந்தான். மகள் அவன் தோளில் துவண்டு கிடந்தாள்.

"மூணு நாளா ஜுரம்க்கா. கிளினிக்ல ஊசிப் பதிவை போன்ல பாத்துட்டு, ஊசியெல்லாம் முடிஞ்சிருக்கு, சாதா தொண்டை வலிதான்னு மாத்திரை கொடுத்தாங்க. இவ பேசவே மாட்டேங்குறாக்கா. இவ போய் பேசாம இருப்பாளா?"

டார்ச் தேவைப்படவில்லை. அந்த மூச்சுச் சத்தமே போதுமாக இருந்தது. இருந்தாலும் அவள் வாயைத் திறந்து பார்த்தாள். அதே சாம்பல் தோல்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு தவணையும் போட்டாச்சே. தொண்டை அடைப்பானா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. விஷமுறிவு மருந்து இங்க இல்ல, வெளியிலேர்ந்து வரவழைக்கணும். டெஸ்ட் வரட்டும், ரெண்டு நாள் பாப்போம்."

ரெண்டு நாள் தாங்காது என்று ஐஸ் அக்காவுக்குத் தெரியும். வெல்டர் பக்கத்தில்தான் நின்றான், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி.

"டாக்டர், அந்தச் சான்றிதழைப் பாக்காதீங்க," என்றாள். "அந்த மருந்து உறைஞ்சுபோன மருந்து. எனக்கு அன்னிக்கே தெரியும். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

முந்தானையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. வெல்டர் இரண்டடி தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான்.

டாக்டர் உடனே போனை எடுத்தார். முறிவு மருந்து அன்று சாயங்காலமே வந்துவிட்டது. தொண்டைத் தோல் மெல்ல உரிந்து, மூன்றாம் நாள் வாயாடி தண்ணீர் கேட்டாள். எல்லோரும் பிழைத்துவிட்டாள் என்றார்கள். ஆனால் அந்த விஷம் முன்பே இதயத்துக்குப் போயிருந்தது. எட்டாம் நாள் காலை, ஆஸ்பத்திரி நர்ஸ் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

விசாரணை வந்தது. ஃப்ரிட்ஜைத் தொடக் கூடாது என்று ஐஸ் அக்காவுக்கு உத்தரவு வந்தது. மிச்சக் குப்பிகளை முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். அவள் முன்பே கைப்பையில் எடுத்து வைத்திருந்த ஒன்றைத் தவிர. அதிகாரி இந்த முறை நம்பினார். புதுச் சரக்கு அனுப்பினார். ஆனால் திரையில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியவில்லை. தவணை முடிந்த பிள்ளைக்கு மறுபடி ஊசி போட அதில் இடமே வைக்கவில்லை. இறந்துபோன பிள்ளையும் பச்சையாகவே இருந்தாள்.

ஐஸ் அக்கா பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "நான் கொடுத்த மருந்து கெட்டது. மறுபடி போட்டுக்கணும்" என்று வாசலில் நின்று சொன்னாள்.

"அன்னிக்குப் பொய் சொன்ன. இன்னிக்கு மட்டும் நிஜம்னு எப்படி நம்புறது?"

"போன தடவை பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டேன்னு மிரட்டுனீங்க. இந்தத் தடவை என்ன, பள்ளிக்கூடத்தையே இடிப்பீங்களா?"

சிலர் கதவைக்கூடத் திறக்கவில்லை. அவள் அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

மறு ஊசி முகாம் அன்று மத்தியானம்வரை பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன. பிறகு வெல்டர் வந்தான். இடுப்பில் சின்னவன். நர்ஸ் அவசரமாக எழுந்து குப்பியை எடுத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஐஸ் அக்காவைக் காட்டினான்.

"அவ ஆட்டிக் காட்டட்டும்."

நர்ஸ் தயங்கினாள். பிறகு குப்பியை நீட்டினாள். ஐஸ் அக்கா கைப்பையிலிருந்து பழைய குப்பியை எடுத்து, இரண்டையும் ஒரே கையில் பிடித்து ஆட்டி மேஜைமேல் வைத்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

அவன் உட்காரவில்லை. சின்னவன் குப்பியைப் பிடிக்கக் கையை நீட்டியபோதெல்லாம் அந்தக் கையை மெல்ல இழுத்து வைத்துக்கொண்டான். வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், உள்ளேயும் வராமல், போகவும் மனமில்லாமல். பழைய குப்பியில் மேலே ஒரு கோடு தெளிந்தது. கோடு மெல்லக் கீழே இறங்கியது.

"இதைத்தான் போட்டியா?"

"ஆமா."

"பாத்துட்டே போட்டியா?"

"ஆமா."

புதுக் குப்பி கலங்கலாகவே நின்றது. அரை மணி முடிந்தது. வெல்டர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சின்னவனின் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"உனக்காக இல்ல," என்றான்.

ஊசி இறங்கியதும் சின்னவன் வாயை அகலத் திறந்து அழுதான். வெல்டர் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தாடையைப் பிடித்து, அந்த வாய்க்குள் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.