நிற்கிற வண்டியில் ஓடிய டிவி

என் கணவர் வைத்திருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. ஆரணியில் நெசவாளர் தெருவில் பிறந்தும் அவருக்குத் தறி கைவரவில்லை, ஸ்டியரிங் கைவந்தது. களம்பூர் மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்து இங்கே கடைகளில் இறக்குவார். மில்லில் லோடு ஏறுவதற்குள் பொழுது போய்விடும். அந்த நேரத்துக்கு ஒரு சின்ன ஃபேனும் டேப்பும் இருந்தால் தேவலை என்று, டாஷ்போர்டில் ஒரு பிளக் பாயின்ட் வைக்க எலக்ட்ரீஷியனிடம் போனார். கல்யாணமான புதிது, நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன்.

“சாவி வழியா லைன் எடுக்கவா, நேரா பேட்டரியில இருந்து எடுக்கவா?” என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

சாவி வழியாக எடுத்தால், சாவியை உருவியதும் பாயின்ட் செத்துவிடும். நேராக எடுத்தால் நிற்கிற வண்டியிலும் கரண்ட் வரும். ஆனால் என்ஜின் ஓடினால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். நிற்கும்போது செலவு மட்டும்தான், வரவு கிடையாது.

“நிக்கிறப்பதாங்க எனக்கு வேணும். ஓடறப்ப காத்து தானா வருது” என்றார் இவர்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பேட்டரி இறங்கிப் போனால்? தள்ளினால் ஆயிற்று. எங்கள் தெருவில் தள்ள ஆளுக்கா பஞ்சம்? எத்தனையோ காலைகளில் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

என் சீரோடு வந்தது ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. வீட்டுக் கரண்டிலும் ஓடும், வண்டி பேட்டரியிலும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால், சொல்லிவைத்தாற்போல் கரண்ட் போகும். தெருமுனைச் சரிவில் நிற்கிற வண்டியை இவர் எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். பாயின்ட்டிலிருந்து ஒயர், மாடியிலிருந்து ஆன்டெனா, தெரு நெடுக பாய். பெரிய தியேட்டர் முதலாளி மாதிரி வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பார். எனக்கும் பெருமை தாங்காது, என் வீட்டு டிவி அல்லவா!

இவருக்கு ஒரே தங்கை, என் நாத்தனார். பகலில் தறி, மிச்ச நேரத்தில் படிப்பு என்று பிளஸ் டூ முடித்தவள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, நர்ஸ் ஆவது. தெருவில் யார் கையைக் கிழித்துக்கொண்டாலும் வெள்ளைத் துணியோடு ஓடுவாள். நன்றாயிருக்கிறவனுக்கும் கட்டுப் போட்டுவிடுவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். திருவண்ணாமலையில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு எழுதிப் போட்டாள். ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நேரில் வரச் சொன்னார்கள்.

முதல் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாள். அண்ணன்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “வண்டிய வெச்சிகினு உன்ன பஸ்ல அனுப்பினா ஊரு சிரிக்கும், பாப்பா. நானே கொண்டுபோய் விடறேன்.”

முந்தின சாயங்காலம் வழக்கம்போலக் கரண்ட் போனது, வழக்கம்போல வண்டி வாசலுக்கு வந்தது. பாதிப் படத்தில் இவர், “போதும், பேட்டரி இறங்கிடும்” என்று எழுந்தார்.

“இருண்ணா. அவங்க ரெண்டு பேரும் சேர்றாங்களான்னு பாத்துட்டு அணைச்சிடலாம்” என்றது நாத்தனார்தான்.

சேர்ந்தார்கள். தெருவே கை தட்டியது. இவர் சாவியைத் திருப்பினார், ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். “காலையில தள்ளிக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டினோம்.

காலையில் கதவைத் திறந்தால் தெருவில் பாவு. சேலையின் நீள இழைகளையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். எதிர்வீட்டு மாமா ஆவணி முகூர்த்தச் சேலைக்காக விடியுமுன்னே எழுந்து கட்டிவிட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி ஓரமாக ஊர்ந்து போக இடம் விட்டுத்தான் கட்டியிருந்தார். ஆனால் ஊர்ந்து போக என்ஜின் ஓட வேண்டுமே! தள்ளுவதென்றால் நாலு பேர் ஓட வேண்டும், வண்டி குலுங்கிக் குதிக்கும். ஈரப் பாவுக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கூத்தை யார் செய்வது?

“கஞ்சி ஈரம். இப்ப அவுத்தா இழையெல்லாம் ஒட்டிகினு பூடும்” என்றார் மாமா. பிறகு நாத்தனாரின் புதுப் புடவையையும் கையிலிருந்த பையையும் பார்த்தார். “போனா போவுதும்மா, அவுத்துடறேன்” என்று கயிற்றில் கை வைத்தார்.

“வேணாம் மாமா, பாவு கெட்டுடும். கொஞ்ச நேரந்தானே, காயட்டும்” என்றாள் அவள்.

நான் களம்பூர்க்காரி, நெல்லும் தவிடும் பார்த்து வளர்ந்தவள். எனக்கு அது வெறும் நூல். “ஒரு பொடவ போனா இன்னொண்ணு நெய்யலாம். இது போனா இன்னா பண்ணுவீங்க?” என்று கத்தினேன். தெருவே என்னைப் பார்த்தது, ஏதோ பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்னவளைப் பார்ப்பதுபோல. நாத்தனாரும் அப்படித்தான் பார்த்தாள்.

முதல் பஸ் அதற்குள் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு வெகு நேரம், அதற்குள் பாவு காய்ந்துவிடும் என்று நினைத்தோம். வேறு பேட்டரி வாங்கி மாட்டலாமென்றால் எலக்ட்ரீஷியன் கடை திறந்திருக்கவில்லை. வானம் மூடிக்கொண்டு வெயிலைக் காட்ட மறுத்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மாமா நிமிஷத்துக்கு ஒரு தரம் இழையைத் தொட்டுப் பார்த்து, “இதோ ஆச்சும்மா, இதோ” என்றார். காய்ந்து சுருட்டியதும் தெரு முழுக்க ஓடிவந்து தள்ளியது. வண்டி முதல் தள்ளலிலேயே பிடித்துக்கொண்டது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அங்கே எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, அறையைப் பூட்டிவிட்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன்தான் அழுதது என்று பிறகு சொன்னாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள் வீட்டில். அடுத்த வருஷத்துக்குள் சந்தவாசலில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

அந்த வாரமே இவர் பாயின்ட்டின் லைனைச் சாவி வழியாக மாற்றிவிட்டார். அதன்பின் வண்டியில் டிவி ஓடவில்லை. தெருவும் கேட்கவில்லை. லோடு இருக்கிறதோ இல்லையோ, தினமும் விடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்கும்போது உள்ளே தறி நிற்கும். நாத்தனார் ஒருமுறை தலையைத் தூக்குவாள், பிறகு மறுபடி நெய்வாள். கூட இருந்து பார்த்த எனக்கு அந்த ஒரு கணம் தினமும் வலிக்கும்.

கல்யாணத்தன்று விடியுமுன்னே வண்டிக்கு மாலை போட்டு ஸ்டார்ட் செய்தவர், அணைக்கவே இல்லை. தெருவெல்லாம் டீசல் புகை. “நேரம் ஆவுது, ஜல்தி” என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் முகூர்த்தப் புடவையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

“அணைச்சிடுண்ணா” என்றாள். “இதுக்கு லேட்டா போனா ஒண்ணும் ஆவாது.”

அவர் அணைக்கவில்லை. கியரைப் போட்டார்.