புஷ்பம் டீச்சரும் சிறுமலைத் தபால் பெட்டியும்

“இதுல போட்டா போய்ச் சேருமா, சரோஜா?”

அறுபதுகளின் தொடக்கத்தில், சிறுமலைக் காட்டுக்குள் ஒரு தபால் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டு என்னிடம் இப்படிக் கேட்ட மரியபுஷ்பம் டீச்சர் நேற்றுக் காலமாகிவிட்டார். அவருடைய மகள் போனில் சொன்னாள்.

திண்டுக்கல்லில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

ஒரு சனிக்கிழமை டீச்சர்மார் ஏழெட்டுப் பேர் கட்டுச்சோற்றோடு மலையேறினோம். அப்போது பஸ் ரோடு கிடையாது. வாழைத்தார் சுமக்கும் குதிரைகள் போகும் ஒற்றையடிப் பாதைதான்.

யோசனை புஷ்பம் டீச்சருடையது. வகுப்புக்கு இலை சேகரிக்கலாம் என்றார். ஆனால் இலை ஒன்றும் பறித்ததாகத் தெரியவில்லை. வழியெல்லாம் குச்சியால் புதரை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாம்புக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

அவர் எதைத் தேடினார் என்பதை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தூரத்து ஊர், விடுதியில் தங்க வேண்டும். “வருகிறேன்” என்று பதில் போட்டால்தான் இடம்.

வீட்டிலோ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் எந்தப் பெட்டியில் போட்டாலும் அது தபாலாபீஸில் அவருடைய அண்ணன் மேசைக்குத்தான் வரும். தங்கச்சி கையெழுத்து அண்ணனுக்குத் தெரியாதா? அன்று சாயங்காலமே அப்பா காதுக்குப் போய்விடும்.

அந்த அண்ணன்தான் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்... மலைமேல் எஸ்டேட்காரர்களுக்காக ஒரு பெட்டி இருக்கிறது, அந்தத் தபால் நம் ஊருக்கு வராது, மறுபக்கமாக இறங்கிப் போய்விடும் என்று.

கிடைத்தது. உண்ணிச்செடிப் புதருக்குள், ஒரு பலாமரத்தில் அடித்து வைத்த பெட்டி. சிவப்புச் சாயம் பாதி போயிருந்தது. வாயில் சிலந்தி வலை.

“செத்த பெட்டி டீச்சர். யாரும் எடுக்குற மாதிரி தெரியல. வாங்க, போவோம்” என்றேன்.

அவர் நகரவில்லை. குனிந்து பூட்டைப் பார்த்தார்.

“இங்க பாரு. பூட்டுல எண்ணெய் மினுங்குது. வலை ஒரு ராத்திரியில கட்டிரும். எண்ணெய் தானா வருமா?”

இத்தனை வருஷம் பாடம் நடத்திவிட்டேன். கண்ணால் பார்ப்பதற்கும் கவனித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியும் கவரைப் பெட்டி வாய்க்குள் பாதி விட்டபடி நின்றார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“தெரியலையே டீச்சர்” என்றேன். வேறென்ன சொல்ல?

பின்னால் மற்றவர்கள் வரும் சத்தம் கேட்டது. நான் சேலையை விரித்துப் பிடித்து, முள் எடுப்பதுபோல அவரை மறைத்து நின்றேன். முகவரியை நான் பார்க்கவில்லை. உள்ளே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் சில வாரங்கள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறப்பார், மூடுவார்.

பதில் பள்ளிக்கூட முகவரிக்கு, தலைமையாசிரியை பெயரில் வந்தது. சேரச் சொல்லி.

வீட்டில் என்ன நடந்தது என்று அவர் முழுசாகச் சொன்னதில்லை. கிளம்பும் நாளில் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன்தான் வந்திருந்தார்.

“ஏ புஷ்பம், எங்கிட்ட வராம எப்படிப் போச்சு அந்தக் கடுதாசி?”

“மலைமேல போட்டேண்ணே.”

“அம்புட்டு உசரம் ஏறியா? கழுத, நம்ம ஆபீஸ்ல போட்டிருந்தாலும் முத்திரை குத்தி ஒழுங்கா அனுப்பியிருப்பேனே!”

“அனுப்பியிருப்பீங்க. அனுப்பிட்டு நேரா அப்பாகிட்ட போயிருப்பீங்க.”

அண்ணன் பஸ் மேல் ஏறி டிரங்கை அவரே கட்டினார். இரண்டு முடிச்சு.

பல வருஷம் கழித்து அவருடைய வகுப்பைப் போய்ப் பார்த்தேன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தார். விரலால் தடவித் தடவி ஐங்கோணம் படித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் அதே வெண்டைக்காய்தான் விடுதியில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம்!

போய் வாருங்கள் டீச்சர். உங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுப் பெண் ஒரு கவரைக் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னால், முகவரியைப் படிக்காமல் போட்டுவிட்டு வாருங்கள்.