உருளைக்கு அடியில் உப்பு

நாற்பத்தெட்டு வயது சல்வானி தூண்டில் கோல் வாங்கப் போனால் முதலில் கடைத் தரையில் உட்காருவாள். காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி, கோலை வாங்கி இரண்டு பக்கமும் வீசிப் பார்ப்பாள். கடலோர ஊரான மாராங்கின் கடைத்தெருவில் மற்ற வாடிக்கையாளர்கள் அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“நாற்காலி போடட்டுமா?” என்றார் கடைக்காரர் வீ.

“கடல்லயும் வந்து போடுவீங்களா தவுக்கே?” என்று முதலாளியைத் திருப்பிக் கேட்டாள்.

கயாக் என்னும் ஒற்றை ஆள் துடுப்புப் படகில் போய் மீன் பிடிக்கிறவர்கள் நிற்பதில்லை. நின்று பார்க்கும்போது கைக்கு வாகாக இருக்கும் கோல், உட்கார்ந்ததும் விலாவில் இடிக்கும். அவளுடைய பழைய கோல் அப்படிப்பட்டதுதான். போன மாதம் ஒரு வஞ்சிரம் படகுக்கு அடியில் புகுந்து திரும்பியபோது, கோலைச் சுழற்ற இடமில்லாமல் விளிம்பில் மாட்டி முறிந்தது, நூல் சுற்றும் ரீலும் உடைந்தது. மழைக்காலம் வந்து கடல் மூடுவதற்குள் புதிய கோலும் ரீலும் வேண்டும். கையில் இருக்கும் காசுக்குள் வேண்டும்.

வீ ஒரு பெட்டியை நீட்டினார். “இது தண்ணி புகாத ரீல். விலையும் கம்மி. பெட்டியிலயே போட்டிருக்கு பாரு.”

“போடறதுக்கு என்ன? நூறு சதவீதம் மீன்னு என் கடைப் பலகையிலயும்தான் போட்டிருக்கேன்.”

வீ சிரித்துவிட்டார். சல்வானி மீனும் சவ்வரிசி மாவும் பிசைந்து கெரொபொக் வறுவல் செய்து விற்கிறவள். மீன் வாங்கும்போது விற்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டாள், செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அன்று எதையும் வாங்காமல் எழுந்து போனாள்.

சாயங்காலம் தங்கை புருஷன் ஹஸ்னிசாம் தன் சொந்தக் கோலையும் ரீலையும் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கு வந்தான். கடலில் அவளுக்குத் துணை அவன்தான். தனியாகக் கயாக்கில் போகக் கூடாது என்பது வீட்டு ஏற்பாடு. அவள் முன்னால் போனால் அவன் பின்னால் வருவான்.

“நான் பெரிசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இதை நீங்க வெச்சுக்குங்க, காக் லோங். கடை விலையில பாதி போதும்.” காக் லோங் என்றால் மூத்த அக்கா.

நல்ல கோல். குட்டையான பிடி, உட்கார்ந்து வீசத் தோதானது. ரீலும் பேர்போன ரகம். அதுதான் அவளுக்கு உறுத்தியது. தேத்தண்ணி குடித்துவிட்டுக் காசு எடுக்கும் நேரம் பார்த்துக் கைப்பேசியில் பேசப் போகிறவன் பாதி விலைக்குத் தருகிறான். போலியா? யாரிடமாவது சுட்டதா? போலி இல்லை, இதை அவன் வாங்கியபோது அவளும் கூட இருந்தாள். அப்படியானால் என்ன?

“கடல்ல விழுந்துச்சா?”

“சே, அலைத் தெறிப்புகூட பட விட்டதில்ல. குழந்தை மாதிரி வெச்சிருந்தேன்.”

“உன் குழந்தைங்களை நான் பாத்திருக்கேனே.”

ரீலின் கைப்பிடியைச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. அளவுக்கு மீறி வழுக்கியது. புதிதாக கிரீஸ் அடைத்திருக்கிறான். விற்கிற அன்றைக்கு எதற்கு? முன் திருகைக் கழற்றி, நூல் சுற்றிய உருளையை வெளியே எடுத்தாள். அதற்குள், மீன் இழுக்கும்போது நூலைப் பிடித்து விட்டுக்கொடுக்கும் கம்பளி வட்டுகள் அடுக்காக இருந்தன. ஹஸ்னிசாம் தெருவைப் பார்க்கத் தொடங்கினான். கடைசி வட்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். கரித்தது. உருளைக்கு அடியில், கிரீஸ் எட்டாத மூலையில், உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“தெறிப்பு இவ்வளவு உள்ள போகாது, நிசாம். இது முழுசா முங்கியிருக்கு.”

“கரையில கை தவறி…”

“கரையில தவறினா மணல் இருக்கும். எங்க மணல்?”

அவன் பக்கத்து வாளியில் இருந்த மீனின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவள் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த அன்று யாருக்கும் சொல்லாமல் தனியாகக் கிளம்பியிருக்கிறான். காப்பாஸ் தீவுப் பக்கம் படகு கவிழ்ந்தது. ஏறப் பார்த்தான், முடியவில்லை. கணவாய் மீன் பிடிக்கும் படகு ஒன்று வந்து தூக்கும்வரை கயாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான்.

“கோலைக் கயித்துல கட்டியிருந்தேன். அதான் அது தப்பிச்சுது.”

“உன்னைக் கட்டினியா?”

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, காக் லோங். கயாக்கை அடுப்புல வெச்சுடுவா.”

சல்வானி வட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். அவளுக்கு இப்போது ரீலின் மேல் சந்தேகம் இல்லை. “அதுக்கப்புறமும் என்கூட வந்தே. பின்னாடி நீ இருக்கேன்னு நம்பித்தான் அவ்வளவு அலைக்குள்ள நான் போனேன். நான் கவிழ்ந்திருந்தா? உன்னாலயே ஏற முடியல, என்னை எப்படி ஏத்தியிருப்பே?”



மாராங் கயாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கவிழ்ந்தவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை முகத்துவாரத்தில், எல்லார் கண்ணெதிரிலும், தானே படகைக் கவிழ்த்துத் தானே ஏறிக் காட்ட வேண்டும். ஏறும்வரை அவனோடு யாரும் ஜோடி சேர மாட்டார்கள். குடும்பங்கள் சோற்றுப் பொட்டலத்தோடு கரையில் உட்கார்ந்து பார்க்கும். தொப்பைக்காரன் ஹஸ்னிசாம் பயந்தது கடலுக்கு மட்டும் இல்லை.

“நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்.” கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை சல்வானி மறுபடி வீ கடைத் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியில் எந்தப் பெருமையும் அச்சடிக்காத சாதாரண ரீல் ஒன்றைக் கேட்டு, அங்கேயே கழற்றிக் காட்டச் சொன்னாள். உள்ளே சுத்தமாக இருந்தது. வட்டுகளை அவளே கழற்றிக் கழுவி மாட்டலாம். குட்டைப் பிடிக் கோல் ஒன்று விலாவில் இடிக்காமல் மடியைத் தாண்டிச் சுழன்றது. இரண்டும் சேர்த்து அவள் கையிலிருந்த காசுக்குள் அடங்கின.

“தங்கச்சி புருஷன் பாதி விலைக்குக் கொடுத்தானாமே, வேணாம்னுட்டியா?” என்றார் வீ.

“உங்களுக்கு யார் சொன்னா?”

“அவனேதான். ராத்திரி கயாக்காரங்க எல்லாருக்கும் செய்தி அனுப்பிட்டானே, எனக்கும் வந்துச்சு.”

சல்வானி தன் கைப்பேசியை எடுத்து, அவன் முழுதாக எழுதியிருக்கிறானா என்று படித்துப் பார்த்தாள். கவிழ்ந்ததோடு தனியாகப் போனதையும் எழுதியிருந்தான்.

வரும் வெள்ளிக்கிழமை நீர் வற்றும் நேரத்தில் ஹஸ்னிசாம் முகத்துவாரத்தில் கயாக்கைக் கவிழ்க்கிறான். அவன் தானாக ஏறும்வரை சல்வானி கடலுக்குப் போவதாக இல்லை.