ஸ்கீ களிசானும் கல்யாண வேட்டியும்

1. பார்க்காத பனிக்கு உடுப்பு

மெல்பேர்னில் எனக்கு முதலில் கிடைத்த வேலை, நான் கண்ணால் காணாத ஒன்றுக்கு உடுப்பு விற்கும் வேலை. எழுபதுகளின் நடுப்பகுதி. அண்ணன் பொறுப்பெடுத்து அழைத்ததால் வந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் நின்ற அனுபவத்தைச் சொல்லி, நகர நடுவில் ஒரு சந்துக்குள் இருந்த ஸ்கீ கடையில் சேர்ந்தேன். பனிச்சறுக்குப் பலகை, பூட்ஸ், உடுப்பு எல்லாம் அங்கே விற்பனைக்கும் உண்டு, வாடகைக்கும் உண்டு.

முதலாளி ஹான்ஸ் ஆஸ்திரியாவில் மலையடியில் பிறந்தவர். அவர் பேசிய ஆங்கிலத்தை இங்கே என் தமிழில் தருகிறேன். பனி பார்த்திருக்கிறாயா என்று முதல் நாள் கேட்டார். ஃப்ரிஜ்ஜின் மேல் தட்டில் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"அதேதான். மலையில கொஞ்சம் கூட இருக்கும். சீசன் முடியுமட்டும் நில்லு. பிறகு வச்சிருக்கிறதா இல்லையா எண்டு யோசிப்பம்."

அவருக்கு அது யோசனை. எனக்கு அதுதான் வாழ்க்கை. கல்யாணம் கட்டிய கையோடு மலரை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அண்ணன் வீட்டு ஹாலில் சோபாவில் படுப்பவன் பெண்சாதியை எங்கே கூப்பிடுவது? வேலை நிரந்தரமானால் ஒரு சின்ன ஃபிளாட் எடுக்கலாம், அவளைக் கூப்பிடலாம். மலரின் ஒவ்வொரு கடிதமும் "சீசன் எப்ப முடியும்?" என்று கேட்டு முடியும். அவள் சீசன் என்றதும் மாம்பழ சீசன் போல ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தாள்.

என்னை பிரேசஸ் கவுண்டரில் விட்டார்கள். ஸ்கீ பேண்டை நான் களிசான் என்றே எழுதுகிறேன், எங்கள் ஊரில் அப்படித்தான். அந்தக் களிசான் உள்ளே பஞ்சு அடைத்தது, வெளியே வழுக்குகிற நைலோன். பெல்ட் கட்டினால் குனியும்போதெல்லாம் இறங்கும், வயிற்றையும் வெட்டும். அதனால் தோளில் மாட்டுகிற எலாஸ்டிக் பட்டி. அதற்குப் பெயர் பிரேசஸ். கிளிப் வைத்தது ஒன்று, பொத்தானில் மாட்டுவது ஒன்று. முதுகில் 'எக்ஸ்' போலக் குறுக்கே போவது ஒன்று, 'வை' போல ஒற்றைப் பட்டியாக இறங்குவது ஒன்று. ஒடுக்கமானது, அகலமானது. இதில் எதை எடுப்பது என்று சண்டை பிடித்து, ஒன்றாக வந்த புருஷனும் பெண்சாதியும் தனித்தனியாக வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

நான் விற்றது புடவைக் கடைப் பாணியில். ஆளைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்து, அழகாக இருக்கிறது என்று சொல், இறுக்கிவிடு. இடுப்பில் சாரம், அதாவது லுங்கி, கட்டி வளர்ந்தவனுக்கு இறுக்கம்தான் பாதுகாப்பு.

2. ராகவன் வந்தார்

ஒருநாள் பின்னேரம் மீசை வைத்த ஒருவர் கடைக்குள் வந்து, என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சார், நீங்க தமிழா?"

"ஓம்! வாங்கோ, வாங்கோ!"

அந்தக் காலத்தில் மெல்பேர்ன் நகரத்தில் ஒரு தமிழ்க் குரலைக் கேட்பது என்றால் கையைப் பிடித்து விடாத சந்தோசம். பெயர் ராகவன், மதுரைக்காரர், ஒரு கம்பனியில் எஞ்சினியர். அவருடைய அலுவலகமே மவுண்ட் புல்லர் மலைக்குப் போகிறது. எல்லோருக்கும் எங்கள் கடையிலிருந்துதான் சாமான்கள் வாடகைக்குப் போகின்றன. இந்தக் கம்பனியை வருடா வருடம் வரவைக்க வேண்டும் என்று ஹான்ஸ் ஆசையோடு இருந்தார்.

"எங்க மேனேஜர் வேற, நானே பக்கத்துல வச்சுக் கத்துக்குடுக்கறேன்னுட்டார். நான் விழறதப் பத்திக் கவலையில்ல சார். பேண்ட் விழக்கூடாது, அவ்வளவுதான்."

"அதுக்கு நான் பொறுப்பு. விழுந்தா என்னைக் கேளுங்கோ."

இப்படி வாயைக் கொடுத்தேன். ஸ்டைலாக இருக்கட்டும் என்று ஒடுக்கமான கிளிப் பிரேசஸ் ஒன்றை எடுத்தேன், முதுகில் 'வை' போட்டது. கடையில் ஹீட்டர் எரிந்தது. அவர் மெல்லிய சேர்ட்டோடு நின்றார். பட்டியை ஏற்றி இறுக்கினேன்.

"கொஞ்சம் டைட்டா இல்ல?"

"இறுக்கமா இருந்தாத்தான் நிக்கும்."

அவரும் தலையாட்டினார். இரண்டு வெயில் நாட்டுக்காரர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பனியைப் பற்றி ஒருமனதாக முடிவெடுத்தோம்.

3. மலையில்

அந்தச் சனிக்கிழமை வாடகைச் சாமான்களோடு ஹான்ஸின் வேனில் நானும் போனேன். பனியைக் கண்டதும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். ஹான்ஸ் பார்த்தும் பாராதது போல நின்றார்.

பிறகு ராகவன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கடைக்கு வந்த ராகவன் இல்லை இவர். இரண்டு ராகவன்.

"என்ன இது?" என்றேன்.

"குளிராச்சே சார். ஊர்ல இருந்து அம்மா பின்னி அனுப்பின ஸ்வெட்டர், நான் வாங்கின ஸ்வெட்டர், ரூம்மேட்டோட ஸ்வெட்டர். கீழ பைஜாமா. அப்புறம் வயித்துல குளிர் ஏறக்கூடாதுன்னு வேட்டிய நல்லா சுத்திக்கிட்டேன்."

சேர்ட்டுக்கு அளவெடுத்த பிரேசஸ், உடுப்புக் காயப்போடும் கொடி போல விறைத்து நின்றது. தளர்த்தப் பார்த்தேன். பட்டியை இளக்குகிற சிறு வளையம் ஸ்வெட்டர் மயிரில் கொளுவிக்கொண்டு அசையவில்லை. அதற்குள் மேனேஜர் வந்து அவரைத் தோளில் தட்டி டி-பாருக்குக் கூட்டிப்போனார்.

டி-பார் என்பது கம்பியில் ஓடுகிற ஒரு கட்டை. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, பின்பக்கத்தில் கொடுத்து மேலே இழுத்துக்கொண்டு போகும். அதில் உட்காரக் கூடாது, நின்றபடி சறுக்க வேண்டும். கதிரையைக் கண்டால் உட்காருவதுதானே மனித இயல்பு? ராகவன் உட்கார்ந்தார்.

பின்பக்கத்துக் கிளிப் தெறித்தது. பறந்து வந்து மேனேஜரின் கண்ணாடியில் 'டக்' என்று அடித்தது. மேனேஜர் ஒரு பக்கம், ராகவன் ஒரு பக்கம், களிசான் முழங்காலில். வேட்டியின் ஒரு தலைப்பு அவிழ்ந்து பனியில் நீளமாகக் கிடந்தது.

ஹான்ஸ் என் பக்கம் திரும்பினார். "அந்த பிரேசஸை ஆர் வித்தது?"

"நான்தான்."

"அப்ப ஓடு."

ஓடினேன், விழுந்தேன், எழும்பி ஓடினேன். ராகவன் இரண்டு கையாலும் களிசானைப் பிடித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"சார், நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே!"

"ஓம் ஓம், சொன்னனான். முதல்ல அந்த வேட்டியை உருவித் தாங்கோ."

"இங்கயா!"

"இஞ்சதான். உள்ள பைஜாமா இருக்குத்தானே."

வேட்டி வெளியே வந்ததும் பாதி வயிறு குறைந்தது. களிசான் இடுப்பில் நின்றது, ஆனால் விட்டால் இறங்கும். அதன் இடுப்பில் பெல்ட்டுக்கான வளையங்கள் இருந்தன. வேட்டியை நீளவாக்கில் மடித்து, பின் வளையங்களில் கோத்து, முதுகில் குறுக்கே மாற்றி, இரண்டு தோளாலும் கொண்டுவந்து முன் வளையங்களில் முடிந்தேன். உள்ளங்கை அகலத்துக்கு நல்ல பட்டி. அப்போதுதான் கரையைக் கவனித்தேன். சரிகை.

"இது என்ன வேட்டி?"

"கல்யாணத்துக்குன்னு அம்மா குடுத்துவிட்டது சார். இன்னும் பொண்ணு பாக்கல."

மேனேஜர் பனியைத் தட்டிக்கொண்டு வந்தார். மூன்று ஸ்வெட்டர்களுக்கு மேல் மின்னிய சரிகையைப் பார்த்து, இதுதான் உங்கள் ஊர் பிரேசஸா என்று கேட்டார். ராகவன் அசரவில்லை. "யெஸ், விசேஷத்துக்கு மட்டும்தான் போடுவோம்" என்றார். மேனேஜர் சிரித்த சிரிப்பில் டி-பாரை ஓட்டியவன் அதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

ஹான்ஸ் வந்து முதுகில் குறுக்கே போன இடத்தை இழுத்துப் பார்த்தார். குனி என்றார், குந்து என்றார். ராகவன் குந்தி எழும்பினார். பட்டி அசையவில்லை. அன்று முழுவதும் ராகவன் விழுந்துகொண்டே இருந்தார். களிசான் ஒருதரமும் விழவில்லை.

4. திரும்பும் வழியில்

வேனில் ஹான்ஸுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. சீசன் முடிந்துவிட்டது என்று மலருக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அவர் சொன்னார். "நான் பனிக்குள்ள பிறந்தவன். எல்லா உடுப்பையும் போட்டுட்டுத்தான் பிரேசஸ் அளவு பாக்கவேணும் எண்டு ஒருத்தனுக்குச் சொல்லித் தரவேண்டி வருமெண்டு நான் நினைக்கேல்லை. அந்த மனுசன் உடுப்புக்கு மேல உடுப்புப் போட்டு வருவான் எண்டு உனக்காவது தெரிஞ்சிருக்க வேணும். நீயும் குளிருக்குப் பயந்தவன்தானே?"

உண்மைதான். நானும் அன்று இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை என் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிறைய ஸ்வெட்டர்கள் வந்தன. கவுண்டருக்கு முன்னால் இருந்த கண்ணாடியை நானே கழற்றி உள்ளே வைத்தேன். வருகிறவர் முதலில் மலைக்குப் போகிற கோலத்தில் எல்லாவற்றையும் போட வேண்டும், பிறகு பிரேசஸ். கையுறையோடு கிளிப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் பெரிய பொத்தான் வைத்தது. அகலப் பட்டி, முதுகில் எக்ஸ். கடைசியில் குந்தி எழும்ப வேண்டும். வெள்ளைக்காரருக்குக் குந்தத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. பாதிப் பேர் பின்பக்கமாக விழுந்தார்கள். நானே குந்திக் காட்டுவேன். கடைக்குள் ஒரே சிரிப்பு. விழுந்தவர்கள் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ராகவனின் கம்பனி அடுத்த வருடத்துக்கும் சொல்லிவைத்தது.

சீசன் முடிந்த அன்று ஹான்ஸ், "நீ நில்லு. உன்னை விட்டா இந்த ஆக்களை ஆர் நிலத்தில இருத்துறது?" என்றார்.

இப்போது கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சாமான் கடையில் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அதைக் கொண்டுபோகிறவர் அங்கே என்ன போட்டிருப்பார், எப்படிக் குனிவார், எப்படி விழுவார் என்று பாருங்கள்.

மலர் வந்து சேர்ந்தாள். அடுத்த குளிர்காலம் அவளையும் மலைக்குக் கூட்டிப்போக கடைக்கு அழைத்துவந்தேன். ஸ்வெட்டர், கையுறை எல்லாம் போட்டு, பிரேசஸ் மாட்டி, சொல்லாமலே குந்தி எழும்பினாள். ஹான்ஸ் கைதட்டினார். அவள் தோள்பட்டியை இழுத்து விட்டுப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த ரெண்டு பட்டியாலயோ நான் இஞ்ச வந்து சேர்ந்தனான்?"

"ஓம்."

"அப்ப இறுக்காதேங்கோ, கொஞ்சம் இளக்கி விடுங்கோ. இன்னும் ரெண்டு ஸ்வெட்டர் போடவேணும்."