உறைக்கு ஒரு கரண்டி

என்டரைத் தட்டுவதற்கு முன்னால் வத்சலா இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுவார். துப்பட்டா ஓரத்தில் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொள்வார். பிறகு, தட்டி வைத்திருக்கும் வரியை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படிப்பார், இடையில் வரும் கோடு, புள்ளி எதையும் விடாமல். அதற்கப்புறம்தான் ஒற்றை விரல் இறங்கும். கோழிக்கோட்டில், தொண்டயாடு சந்திப்புக்கு மேலே மூன்றாவது மாடியில், நான்கு பேர் மட்டுமே இருக்கும் அந்த அலுவலகத்தில் இந்த முணுமுணுப்பு பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"அர்ச்சனை முடிஞ்சுதா ஏச்சி? தீபாராதனை காட்டலாமா?" என்பான் பக்கத்து மேசை ஷம்சுத்தீன். அக்கா என்பதற்கு அவன் ஊரில் ஏச்சி.

"நீ அந்த மௌஸைக் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கிட."

வத்சலாவின் மௌஸ் மேசை டிராயரில், வயர் சுற்றி, தைலப் புட்டிக்குப் பக்கத்தில் உறங்குகிறது. திரையில் ஒரு கறுப்பு ஜன்னலும் அதில் தட்டும் கட்டளையும் போதும் அவருக்கு. வீட்டுக்காரர் பிரேமராஜன் மின்வாரியத்தில் லைன்மேன். ஏறுவதற்கு முன் கம்பத்தின் எண்ணை உரக்கப் படிக்கிறவர். இந்தப் பழக்கத்தை யார் யாரிடம் கற்றார்கள் என்பது அந்த வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

வத்சலா பார்த்துக்கொள்வது கண்ணால் காண முடியாத கம்ப்யூட்டர்களை. எங்கோ பெரிய கட்டடத்தில் வாடகைக்கு ஓடுபவை அவை. ஒரு மெஷினைச் சரியாக அமைத்து முடித்ததும், அதன் மென்பொருள், அமைப்பு எல்லாவற்றையும் அந்த நிலையிலேயே ஒரு இமேஜாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். மெஷின் செத்தாலும், இமேஜ் இருந்தால் அதே மாதிரி இன்னொன்றை நாலே நிமிடத்தில் எழுப்பிவிடலாம். வத்சலா இதை விளக்குகிற விதம் வேறு. "தயிர் முழுக்கத் தின்னுட்டா நாளைக்கு எதை வெச்சு உறை குத்துவே? ஒரு கரண்டி எடுத்து வைக்கணும்ல?" யார் எந்த மெஷினில் கைவைக்கப் போனாலும் இவரிடமிருந்து முதலில் வரும் கேள்வி, "உறைக்கு எடுத்து வெச்சியா?"

ஒவ்வொரு இமேஜுக்கும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் தேதியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வத்சலா ஆங்கில எழுத்தில் மலையாளம் எழுதுவார். 'நல்ல மழை. மருந்துப் பட்டியல் பக்கம் சேர்த்தது. பிஜுவின் அவசரத்தில் வந்த கோளாறு, அவனைத் திட்ட வேண்டாம்.' அந்த பிஜு வேலையை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. அவனைத் திட்ட வேண்டாம் என்ற வரி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இத்தனை கவனம் உள்ள வத்சலாவே போன ஜூலையில் உறையைக் கொட்டினார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு வாடிக்கையாளரான ஒரு கல்யாண மண்டபத்தின் கணக்கில் பழைய இமேஜ்கள் குவிந்து கிடந்ததைக் கழிக்க உட்கார்ந்தார். தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் நீக்கு என்று கட்டளை. முதலில் ஒத்திகை பார்த்தார்; தடையில்லை என்று பதில் வந்தது. கை துடைத்தார், படித்தார், தட்டினார். வரியில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. ஆனால் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் இருந்தன: ஒன்று மண்டபத்தின் கணக்கு, மற்றது வீடு தேடிப் போய் தீரா நோயாளிகளின் வலி தணிக்கும் பாலியேட்டிவ் சங்கத்தின் கணக்கு. எந்தக் கணக்கு என்பதை அந்த வரி சொல்லாது. நீக்கப்போகிறவற்றின் பட்டியலில் வந்ததும் பெயர்கள் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளங்கள்தான். அவர் உட்கார்ந்திருந்தது தப்பான ஜன்னலில்.

சங்கத்தின் மெஷின் நள்ளிரவில் அணைந்து, காலை ஆறரைக்கு இமேஜிலிருந்து புதிதாக எழும். எட்டு மாதமாக ஒரு குறையும் இல்லாததால் அந்த இமேஜை யாரும் மாற்றவில்லை. தொண்ணூறு நாள் கணக்கில் அது மாட்டிக்கொண்டது.

மறுநாள் எட்டு மணிக்கு, வத்சலா படியேறும்போதே போன் வந்தது. சங்கத்தின் நர்ஸ் எல்ஸிக்குட்டி.

"ஏச்சி, பன்னெண்டு வண்டி வாசல்ல நிக்குது. பட்டியலே வரமாட்டேங்குது. ஃபரோக்ல அச்சுதேட்டன் விடியலேர்ந்து வலில துடிக்கிறாராம், மக அழுவுறா. நேத்து ராத்திரி டாக்டர் மருந்தளவை மாத்தி அதுல ஏத்தியிருக்கார். அவரு போனை எடுக்கல. அளவு தெரியாம நான் எப்படி ஊசி போடுவேன்?"

தகவலெல்லாம் வேறிடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. அதைக் காட்ட வேண்டிய மெஷின் எழவில்லை. வத்சலா இமேஜ்களைப் பட்டியலிடும் கட்டளையைத் தட்டினார். ஒன்றுமே வரவில்லை. மேலே உருட்டி, நேற்று தட்டிய வரியையும் அது எந்த ஜன்னல் என்பதையும் பார்த்தார். புதிதாகக் கட்டி எழுப்ப ஆறு மணி நேரம் ஆகும். அச்சுதேட்டனுக்கு ஆறு மணி நேரம்!

"ஷம்சூ... நான்தாண்டா அழிச்சுட்டேன்."

கையில் டீக்கடைப் பழம்பொரியோடு வந்தவன் எட்டிப் பார்த்தான். கேலி செய்ய அவனுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. அவன் கேலி செய்யவில்லை.

"கொட்டினீங்க, சரி. பாத்திரத்தை நான் இன்னும் கழுவலையே ஏச்சி."

"என்னடா சொல்றே?"

"அழிச்ச இமேஜ் ஏழு நாள் குப்பைத் தொட்டியிலயே கிடக்கணும்னு எல்லாக் கணக்குலயும் ஒரு விதி போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு மாசமாச்சு."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே?"

"மௌஸால சொடுக்கிப் போட்டேன். சொன்னா திட்டுவீங்க." பழம்பொரியைக் காகிதத்தில் வைத்துவிட்டுச் சொன்னான்: "உங்களுக்கு அது தேவைப்படாது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்ல, அதான் போட்டேன்."

தொட்டியிலிருந்து மீட்கும் கட்டளையை வத்சலா தட்டினார். கைகளை எடுத்தார். துப்பட்டாவில் துடைத்தார். படிக்கத் தொடங்கியவர் முதல் சொல்லிலேயே நிறுத்தி, திரையை ஷம்சுத்தீன் பக்கம் திருப்பினார். அவன் குனிந்து அந்த வரியைப் படித்தான், கோடு, புள்ளி எதையும் விடாமல், அவருடைய ராகத்திலேயே. படித்து முடித்து, "எந்தக் கணக்கு?" என்றான்.

"பாலியேட்டிவ்."

"தட்டுங்க."

இமேஜ் பழைய அடையாளத்தோடே திரும்பி வந்தது. நாலு நிமிடத்தில் மெஷின் எழுந்தது. ஒன்பதரைக்கு எல்ஸிக்குட்டி அழைத்தாள். "போட்டாச்சு. தூங்குறார்." வத்சலா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார். பிறகு நான்கு பேருக்கும் கேட்கும்படி, "நீ இல்லேன்னா இன்னைக்கு நான் செத்திருப்பேண்டா ஷம்சு" என்றார். அவன் கூச்சத்தில் பழம்பொரியைத் தேடினான்.

இப்போதும் அவர் மௌஸைத் தொடுவதில்லை. அவனை விரட்டுவதும் குறையவில்லை. படிக்கும் வரிக்கு முன்னால் கணக்கின் பெயர் ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாலியேட்டிவ் மெஷினுக்குப் புது இமேஜ் எடுக்கும் நாளில் மட்டும், குறிப்புக் கட்டத்தில் மழை, மருந்துப் பட்டியல் எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசியாக ஒரு பெயரையும் தட்டுகிறார். கைகளை எடுத்து, துப்பட்டாவில் துடைத்து, முழுவதையும் வாய்விட்டுப் படிக்கிறார். பக்கத்து மேசையில் மௌஸின் சத்தம் ஒரு நொடி நின்றுபோகிறது. "ஷம்சுத்தீன்" என்று படித்து முடித்துவிட்டு, வத்சலா என்டரைத் தட்டுகிறார்.