என் காலடிக்குள் இன்னொரு கால்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் மிதிவெடிக் காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். முன்னால் போகிறவரின் காலடியிலேயே கால் வைக்க வேண்டும். நான் முன்னால், தம்பி குகன் பின்னால். நான் எட்டி அடி வைத்துவிட்டால் அவன் அப்படியே நின்று அழுவான்.

கனடா வந்த பிறகும் எனக்கு அதே புத்திதான். கள்ளமாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் என்னை மேற்குச் சகாரா வழியாகத்தான் கொண்டுவந்தான். "நான் வந்த பாதைதான், பயப்பிடாமல் வா" என்று தம்பியிடமும் சொன்னேன். அந்த மண் யாருடையது என்று ஒரு பக்கம் மொரோக்கோவும் மறுபக்கம் அங்கத்தைய போராளிகளும் முறைத்துக்கொண்டு நிற்கும் பாலைவனம் அது, நடுவே நெடுக மணல் மதில், மதிலடி முழுக்க மிதிவெடி. ஓய்ந்திருந்த சண்டை மறுபடி மூண்டது எனக்குத் தெரியாது. செய்தி பார்க்காத என் தலையில் இடி விழ! தம்பி வந்த வாகனத்தை மதிலுக்குக் கிட்டவாகத் திருப்பினார்கள் என்பதோடு தகவல் நின்றுபோனது. உடலும் இல்லை, குரலும் இல்லை.

நாலு வருடம் கழித்து மனைவி சொன்னாள்: "அந்தியேட்டியைச் செய்வமப்பா. பாவம், அந்தரிச்சுக்கொண்டு திரியிறானோ தெரியாது." அந்தியேட்டி என்றால் செத்தவருக்குச் செய்கிற கிரியை; என் தம்பி செத்துவிட்டான் என்று என் வாயாலேயே ஐயரிடம் சொல்ல வேண்டும். வேறு வழி தெரியாமல் ஓமென்றேன்.

போன மாசி, பட்டப்பகல். இங்கே லாசால் என்கிற பகுதியில் பஸ்ஸால் இறங்கி ஐயர் வீட்டுக்கு நடக்கிறேன். புதுப் பனி, தெருவில் ஈ காக்கை இல்லை. வழியில் பனி கரைந்து சேறாகக் கிடந்ததை எட்டித் தாண்டினேன். ஏனோ திரும்பிப் பார்த்தேன். என் சப்பாத்துத் தடம் ஒவ்வொன்றுக்குள்ளும் வெறுங்கால் தடம், சத்தியமாய்ச் சொல்கிறேன். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. சின்ன வயதில் மண்வெட்டி பட்டுக் குகனுக்கும் அந்த விரல் போனது. குனிந்து சேற்றுக்கு மேலால் கை நீட்டித் தொட்டேன், உள்ளே உலர்ந்த மணல்.

சேற்றுக்கு அந்தப் பக்கத்தோடு அவன் தடம் நின்றிருந்தது.

"குகன், நில்லடா, அண்ணை வாறன்!" என்று கத்தினேன். கையால் பனியை அள்ளிச் சேற்றின் மேல் போட்டுச் சின்னச் சின்ன அடியாக வைத்துக் காட்டினேன். அழுதுகொண்டு காத்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. பிறகு வானத்திலிருந்து கொட்டிய பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஐயர் வீட்டுக்குப் போகவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ஏனப்பா சின்னப்பிள்ளை மாதிரி நடக்கிறியள்?" என்று மனைவி கேட்கிறாள். அன்றிலிருந்து நான் ஓர் அடிகூட எட்டி வைத்ததில்லை.